எம்ப்ரியாலஜியை (கருவியல்) விஆரில் (மெய்நிகர் காட்சி) நடத்தச் சொல்கிறார்கள்: 150 பேர், 6 ஹெட்செட். யாராவது செய்திருக்கிறீர்களா?

அல்சூர்_அனாடமி

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் அனாடமி டியூட்டராக இருக்கிறேன். போன மாதம் நிர்வாகம் ஆறு விஆர் ஹெட்செட் வாங்கி எங்கள் துறையில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. வாங்கும் முன் துறையில் ஒருவரையும் கேட்கவில்லை என்பது தனிக்கதை. ஹெச்ஓடி (துறைத் தலைவர்) என்னைக் கூப்பிட்டு, "நீதானம்மா இங்க வயசுல சின்னவ, இந்த பேட்ச்சுக்கு எம்ப்ரியாலஜி முழுக்க இதிலேயே நடத்திடு" என்றார். முதலாமாண்டில் 150 பேர்.

கம்பெனி ஆள் வந்து டெமோ காட்டினார். கரு இருட்டில் மிதக்கிறது, சுற்றிலும் ஏதோ மினுக்குகிறது, பின்னால் வயலின், ஒரு அமெரிக்கக் குரல் உருகி உருகிப் பேசுகிறது. டீன் அசந்துபோய்விட்டார். நான் கன்ட்ரோலரை வாங்கி, நான்காவது வாரத்தில் நிறுத்தி, எண்டோடெர்ம் (கருவின் உள்ளடுக்கு) மடிந்து குடல் ஆகிற இடத்தைப் பார்க்கலாம் என்று தலையை உள்ளே விட்டால், உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் தோல். வெளியே அழகாகச் செதுக்கி உள்ளே காலியாக விட்டிருக்கிறார்கள். கேட்டால் அடுத்த அப்டேட்டில் வரும் என்கிறார்.

என் சந்தேகங்கள் இவை. எந்தெந்தத் தலைப்புக்கு இது உண்மையிலேயே உதவும், எதற்கு வெறும் வேடிக்கை? ஆறை வைத்துக்கொண்டு 150 பேருக்கு வகுப்பை எப்படி ஓட்டுவது, மீதிப் பேர் அந்த நேரத்தில் என்ன செய்வார்கள்? தலைசுற்றல், வாந்தி எல்லாம் வருமா? படித்தது தலையில் ஏறியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? "சூப்பர் மேடம்" என்று ஃபீட்பேக் ஃபாரத்தில் எல்லோருமே எழுதிவிடுவார்கள், அதை நம்பி ஒன்றும் சொல்ல முடியாது. துறை வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் நிர்வாகத்தைக் குறை சொல்கிற மாதிரி ஆகிவிடும், அதனால்தான் இங்கே தமிழில் கேட்கிறேன்.

---

ஃபார்மலின்

அம்மா, "முழுக்க இதிலேயே" என்பதை இன்றைக்கே ஹெச்ஓடியிடம் பேசி மறுத்துவிடுங்கள். முடியாது, தேவையும் இல்லை. கேமீட்டோஜெனெசிஸையும் (விந்தும் முட்டையும் உருவாவது) நஞ்சுக்கொடிச் சவ்வுகளின் பெயரையும் ஹெட்செட்டுக்குள் போய்ப் படிப்பதில் யாருக்கு என்ன லாபம்? அவை பலகையிலேயே முடிகிற சமாச்சாரம். நான் ஓய்வு பெற்ற அனாடமிக்காரன், பலகைக்கும் சாக்பீஸுக்கும் கொஞ்சம் சாய்ந்தே பேசுவேன், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முப்பரிமாணம் நேற்று வந்த சரக்கு இல்லை. 1883-லேயே குஸ்தாவ் போர்ன் என்ற ஜெர்மானியர், கருவின் தொடர் வெட்டுகளை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி மெழுகுத் தகட்டில் வரைந்து, ஓரத்தை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மாடல் செய்யும் முறையைக் கொண்டுவந்தார். ஃப்ரைபர்க்கில் ட்ஸீக்லர் என்ற அப்பாவும் பிள்ளையும் இதைத் தொழிலாகவே நடத்தி உலகம் பூராவும் மெழுகுக் கருக்களை விற்றார்கள். உங்கள் துறை அலமாரியில் மூக்கு உடைந்து, பெயிண்ட் உரிந்து, எண் ஒட்டிய சீட்டு பாதி கிழிந்து நிற்கிற பிளாஸ்டர் பொம்மைகள் இருக்கும் பாருங்கள், அவை அந்த வம்சம்தான். எக்டோடெர்ம் (வெளியடுக்கு) நீலம், மீசோடெர்ம் (நடுவடுக்கு) சிவப்பு, எண்டோடெர்ம் மஞ்சள் என்ற வண்ணக்கணக்கு அந்தப் பொம்மையிலும் என் சாக்பீஸிலும் ஒன்றுதான். உங்கள் ஹெட்செட்டில் அந்த மூன்று நிறமாவது சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஊதாவும் பச்சையுமாக அடித்து வைத்திருந்தால் பையன்கள் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) திணறுவார்கள்.

மெழுகை வெட்டி அடுக்கியவன் கற்றுக்கொண்டான். கண்ணாடி அலமாரிக்கு வெளியே நின்று பார்த்தவன் பார்த்தான், அவ்வளவுதான். ஹெட்செட் மாட்டிக்கொண்டவனும் அந்த இரண்டாவது ஆள்தான், நீங்கள் அவன் கைக்கு வேலை கொடுக்காத வரை.

நடுக்குடல் சுழற்சிக்கு எனக்கு ஒரு ஸ்டெதாஸ்கோப்பே போதும். குழாயை வளைத்து வயிற்றுக்கு முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, வளைவின் நடுவே ஒரு பென்சிலைச் செருகுவேன். அதுதான் குடலுக்கு ரத்தம் கொண்டுபோகிற சுப்பீரியர் மெசென்டெரிக் ஆர்ட்டரி, அதுவே அச்சு. எதிரில் நிற்பவன் கண்ணுக்குக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், குடல் தொப்புள்கொடிக்குள் தள்ளி நிற்கும்போதே 90 டிகிரி, பத்தாவது வாரம் வாக்கில் வயிற்றுக்குள் திரும்பும்போது மீதி 180. டியோடினம் (சிறுகுடலின் தொடக்கம்) ஆர்ட்டரிக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்வதும், டிரான்ஸ்வர்ஸ் கோலன் (பெருங்குடலின் குறுக்குப் பகுதி) முன்னால் குறுக்கே விழுவதும் அவன் கண் முன்னால் நடக்கும். அப்புறம் ஸ்டெத்தை அவன் கையில் கொடுத்து, "நீ சுற்று" என்பேன். முதல் தடவை பாதிப்பேர் எதிர்ப்பக்கம்தான் சுற்றுவார்கள். அங்கேதான் பாடம் ஆரம்பிக்கிறது.

இன்னொன்று, பரீட்சையில் காகிதத்தில் படம் போட்டுக் குறிக்கச் சொல்வார்கள். ஹெட்செட்டைக் கழற்றின கையோடு பென்சிலைக் கொடுங்கள்.

---

பெஞ்ச்_4

வணக்கம் மேடம், நான் செகண்ட் இயர். போன வருஷம் எங்கள் கல்லூரியில் இந்தக் கூத்து நடந்தது, மாணவர் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன்.

ஃபார்மலின் சார் மேல் மரியாதை உண்டு, ஆனால் எல்லோருக்கும் சாக்பீஸில் ஏறாது சார். இதயத்தின் மேலறையான ஏட்ரியத்தின் தடுப்புச்சுவர் இருக்கிறதே, செப்டம் ப்ரைமம் (முதல் சுவர்) மேலிருந்து இறங்குகிறது, கீழே ஆஸ்டியம் ப்ரைமம் (முதல் ஓட்டை) மூடுவதற்குள் மேலே ஆஸ்டியம் செகண்டம் (இரண்டாவது ஓட்டை) திறக்கிறது, அதற்கு வலது பக்கத்தில் செப்டம் செகண்டம் (இரண்டாவது சுவர்) இறங்குகிறது, அதுவும் பாதியில் நிற்கிறது. இதைப் பலகையில் நான்கு படமாகப் போட்டார்கள், நான்கையும் அப்படியே மனப்பாடம் செய்தேன், டெஸ்ட்டில் மார்க்கும் வந்தது. ஆனால் இரண்டு ஓட்டையும் நேருக்கு நேர் இல்லை, ஒன்று மேலே ஒன்று கீழே, அதனால்தான் ரத்தம் ஒரு பக்கமாக மட்டும் தள்ளிக்கொண்டு போகிறது, பிறந்த பிறகு இடது பக்க அழுத்தம் கூடினதும் அதே மெல்லிய சுவர் கதவு மாதிரி சாத்திக்கொள்கிறது என்பது, ஹெட்செட்டில் வலது ஏட்ரியத்துக்குள் நின்று அந்த ஓட்டையை எட்டிப் பார்த்தபோதுதான் விளங்கியது. நேராகப் பார்த்தால் சுவர், குனிந்து மேலே பார்த்தால் வழி. இது எந்தப் புத்தகத்துப் படத்திலும் எனக்குத் தெரியவில்லை.

சரி, இனி கசப்பான பக்கம். எங்களுக்கு 25 பேருக்கு இரண்டு ஹெட்செட். ஒருத்தன் மாட்டிக்கொண்டு "அய்யோ செம" என்று கத்துவான், மீதிப் பேர் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்போம். கொஞ்ச நேரத்தில் பாதிப்பேர் கேன்டீனில். டிவியில் காஸ்ட் செய்யலாம் என்றார்கள், கல்லூரி வைஃபையில் ஒவ்வொரு முறையும் லாகின் பக்கம் வரும், ஹெட்செட்டில் அதை டைப் அடிக்கிறதுக்குள் பீரியட் முடிந்துவிடும்.

தலைசுற்றல் நிச்சயம் உண்டு. கட்டைவிரல் ஸ்டிக்கால் நகர்ந்து கருவைச் சுற்றி வருகிற மாதிரி வைத்திருந்தார்கள், எங்கள் பேட்ச்சில் ஒரு பொண்ணு ஓடிப்போய் வாஷ்பேசினில் வாந்தி எடுத்தாள். அதற்குப் பிறகு நிறையப் பேர் மாட்டிக்கொள்ளவே பயந்தார்கள்.

அப்புறம் அளவு. ஹெட்செட்டில் கரு ஆள் உயரத்துக்கு நிற்கும். 22, 23ஆம் நாள் இதயம் துடிக்கத் தொடங்கும்போது கரு மொத்தமே 2, 3 மில்லிமீட்டர்தான் என்று படித்திருக்கிறோம், இருந்தும் என் ரூம்மேட் வைவாவில் கேட்டபோது கையை அகல விரித்துக் காட்டினான். எக்ஸாமினர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

---

பலகோணம்

நான் டாக்டர் இல்லை. ஒயிட்ஃபீல்டில் விஆர் டெவலப்பர், சில வருடமாக மருத்துவப் பயிற்சி சாஃப்ட்வேர்தான் செய்கிறேன், ஒரு கருவியல் ப்ராஜெக்ட்டும் அதில் உண்டு. கம்பெனி ஆட்கள் டெமோவில் சொல்லாத சில விஷயங்களைச் சொல்கிறேன், நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே காலியாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம், இதயத்துக்கு சிடி எடுத்து மாடல் செய்கிற மாதிரி 3 மில்லிமீட்டர் கருவை நம் ஊர் ஆஸ்பத்திரி சிடியில் வைத்து எடுக்க முடியாது. நிஜமான தரவு வேண்டுமென்றால் பழைய சேகரிப்புகளின் தொடர் வெட்டுகளிலிருந்துதான் வரவேண்டும். அமெரிக்காவின் கார்னகி தொகுப்பு, ஜப்பானில் 1961-ல் தொடங்கி சுமார் 44,000 மாதிரிகளுக்குப் போன கியோட்டோ தொகுப்பு, இப்படி. ஒவ்வொரு வெட்டிலும் இது நோட்டோகார்ட், இது குடல், இது நரம்புக்குழாய் என்று ஒருவர் உட்கார்ந்து கையால் கோடு போட்டாக வேண்டும். அது செலவு. அதனால் பல கம்பெனிகள் ஓவியரிடம் வெளித்தோலை மட்டும் செதுக்கி வாங்கிவிடுகின்றன.

நல்ல செய்தி, அந்தக் கை வேலையை ஆம்ஸ்டர்டாமில் ஒரு குழு செய்து இலவசமாகவே கொடுத்திருக்கிறது. கார்னகி தொகுப்பின் ஏறக்குறைய 15,000 வெட்டுகளை மருத்துவ மாணவர்களை வைத்துக் குறியிட்டு, முதல் இரண்டு மாத வளர்ச்சியின் 3டி அட்லஸாக 2016-ல் வெளியிட்டார்கள். 3டி பிடிஎஃப், உறுப்பு உறுப்பாக அணைத்துப் போடலாம். கம்ப்யூட்டரில் அடோபி ரீடரில் மட்டும்தான் திருப்பிப் பார்க்க முடியும், மொபைலில் திறந்தால் வெறும் படமாக நிற்கும், அதைப் பார்த்து "வேலை செய்யவில்லை" என்று மூடிவிடாதீர்கள். ஹெட்செட் கிடைக்காத 144 பேருக்கும் இதுவே பாதி வேலையை முடித்துவிடும்.

அடுத்தது முக்கியம். டெமோவில் கரு வழுவழுவென்று வளர்ந்துகொண்டே போகும் இல்லையா, அந்த அசைவு தரவு கிடையாது. கார்னகி நிலைகள் மொத்தம் 23, முதல் எட்டு வாரத்துக்கு. ஒவ்வொரு நிலையும் வேறு வேறு கரு, ஒரே கருவைத் தொடர்ந்து பார்த்தது இல்லை. நிலை 12-க்கும் 13-க்கும் நடுவில் நீங்கள் பார்ப்பது அனிமேட்டர் இட்டு நிரப்பியது. பெரும்பாலும் பரவாயில்லை. ஆனால் எங்கே சொதப்பும் என்றால், ஒரு வடிவத்தை இன்னொன்றாக உருமாற்ற இரண்டிலும் அதே எண்ணிக்கையில், அதே வரிசையில் புள்ளிகள் இருக்க வேண்டும். குழாய் வளைந்தால், உப்பினால் பிரச்சினை இல்லை. ஒரு குழாய் நடுவில் சுவர் விழுந்து இரண்டானால், சுவரில் ஓட்டை திறந்தால், கணக்கே மாறிவிடும். தோசையை எவ்வளவு இழுத்தாலும் வடை ஆகாது, ஓட்டை போட்டே ஆகவேண்டும். அதனால் அந்த இடத்தில் சட்டென்று ஒரு மங்கல், ஒரு ஒளி, கேமரா வேறு பக்கம் திரும்பும், திரும்பி வந்தால் அயோர்ட்டாவும் (உடலுக்குப் போகும் நாளம்) பல்மனரி ட்ரங்க்கும் (நுரையீரலுக்குப் போகும் நாளம்) தனித்தனியாக நிற்கும். பெஞ்ச்_4 சொன்ன ஆஸ்டியம் செகண்டம் திறப்பதும் இதே வகை. மாணவருக்கு எது புரியவில்லையோ சரியாக அதைத்தான் மறைப்போம். வாங்குகிறவர்கள் இந்தத் தருணத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டாலே கம்பெனியின் தரம் தெரிந்துவிடும்.

மூன்றாவது, ஒளி ஊடுருவும் தோல். தனியாக இயங்கும் ஹெட்செட்டில் இருப்பது மொபைல் சிப். ஒன்றன்பின் ஒன்றாக நாலு ஊடுருவும் அடுக்கு வைத்தால் அது திணறும், ஃப்ரேம் விழும் (படம் விட்டுவிட்டு ஓடும்), ஃப்ரேம் விழுந்தால் தலைசுற்றும். அதனால் ஊடுருவும் தோலைக் கேட்காதீர்கள், வெட்டும் தளம் கேளுங்கள். கையில் ஒரு தட்டு, அதைக் கருவுக்குள் செருகினால் அந்த இடத்தில் வெட்டு தெரியும். சிப்புக்கு அது லேசு, உங்களுக்கும் பாடம்.

தலைசுற்றலுக்கு: கட்டைவிரல் ஸ்டிக்கை அணைத்துவிடுங்கள். கண் நகர்கிறது என்கிறது, உள்காது இல்லை என்கிறது, அங்கேதான் குமட்டல். ஆள் நிற்கட்டும், கருவைக் கையால் பிடித்துத் திருப்பட்டும். சுழலும் நாற்காலியில் உட்கார்ந்து செய்தால் இன்னும் நல்லது. ஒருவருக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தை ஆளுக்கு ஆள் மாற்றவேண்டும், குவெஸ்ட் 2 ஹெட்செட்டில் 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்றே நிலை, அதைக்கூட யாரும் மாற்றாமல் "மங்கலாத் தெரியுது மேடம்" என்பார்கள். வைஃபைக்கு எஸ்பி ரோடில் ஒரு சாதாரண ரவுட்டர் வாங்கி, கல்லூரி நெட்டோடு சேர்க்காமல் லேபுக்குள் மட்டும் வைத்துப் பாருங்கள், பல மாடல்களில் காஸ்டிங்குக்கு அதுவே போதும். ஜன்னலோரம் லென்ஸ் வெளியே பார்த்தபடி வைக்காதீர்கள், வெயில் லென்ஸ் வழியாக உள்ளே குவிந்து டிஸ்ப்ளேவைச் சுட்டுவிடும், கம்பெனி மாற்றியும் தராது.

---

ஃபார்மலின்

பலகோணம் தம்பி, அந்த அனிமேஷன் விஷயம் எனக்குத் தெரியாது, நன்றாகச் சொன்னீர்கள். இறந்த கருக்களை வரிசையாக வைத்து வளர்ச்சியை ஊகிப்பதுதான் எங்கள் பாடமே, அதைப் பையன்களிடம் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

பெஞ்ச்_4, நீ சொன்னதில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், ஏட்ரியல் செப்டத்தைப் பலகையில் சரியாகக் காட்ட எனக்கும் வந்ததில்லை. ஆனால் ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்றும் பார்த்துக்கொள். 2017-ல் ஆஸ்திரேலியாவில் பாண்ட் பல்கலைக்கழகத்தில் 59 பேரை வைத்து, மண்டையோட்டு அனாடமியை விஆர், ஏஆர் (நிஜக் காட்சியின் மேல் படம் சேர்ப்பது), சாதாரண டேப்லெட் மூன்றிலும் நடத்திப் பார்த்தார்கள். மார்க்கில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. தலைவலி, தலைசுற்றல், மங்கல் பார்வை மட்டும் விஆர் ஆட்களுக்கு அதிகம். கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இடுப்பெலும்பை வைத்துச் செய்த ஆய்வில் கையில் பிடிக்கிற மாடல்தான் விஆரை ஜெயித்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னபோது அந்த மாடலின் அனுகூலமும் பெருமளவு போய்விட்டது, அதாவது இரண்டு கண்ணால் ஆழம் பார்ப்பதில்தான் விஷயமே இருக்கிறது.

---

பெஞ்ச்_4

சார், மண்டையோடும் இடுப்பெலும்பும் கையில் எடுத்துப் பார்க்கக் கிடைக்கும், அதனால் மாடல் ஜெயிக்கிறது. 3 மில்லிமீட்டர் கருவின் இதயத்தை யார் கையில் எடுப்பது? ஒரு மாதத்தில் வடிவம் மாறிக்கொண்டே போகிற ஒன்றுக்கு எத்தனை பிளாஸ்டர் பொம்மை வைப்பீர்கள்? அந்த ஆய்வுகளை எம்ப்ரியாலஜிக்கு அப்படியே தூக்கி ஒட்ட முடியாது என்று நினைக்கிறேன்.

---

புரோப்_ஜெல்

ஜெயநகர் பக்கம் ஃபீட்டல் மெடிசின் (கருவிலிருக்கும் சிசுவுக்கான மருத்துவம்) பார்க்கிறேன். பெஞ்ச்_4 சொன்னது சரியான வாதம். எம்பிபிஎஸ் முதல் வருடத்தில் படித்த எம்ப்ரியாலஜியைத் தினமும் உபயோகிக்கிற சிலரில் நானும் ஒருத்தி என்பதால் எனக்கு எது வேண்டும் என்று சொல்கிறேன்.

வெட்டும் தளம் என்று பலகோணம் எழுதியதுதான் என் பிழைப்பே. ஸ்கேனில் எனக்குத் தெரிவது எப்போதும் ஒரு வெட்டு, அதை வைத்து முழு இதயத்தையும் தலைக்குள் கட்டவேண்டும். புதிதாக வருகிற பிஜி (மேற்படிப்பு) பிள்ளைகளிடம் ஸ்கேன் புரோபைக் கொடுத்தால் நான்கு அறை வியூ வரை அழகாக எடுத்துவிடுவார்கள். அங்கிருந்து புரோபைக் கொஞ்சம் தலைப்பக்கமாகச் சாய்த்தால் இடது வென்ட்ரிக்கிளிலிருந்து (கீழறை) அயோர்ட்டா, இன்னும் கொஞ்சம் சாய்த்தால் பல்மனரி அதற்குக் குறுக்கே தாண்டிப் போகிறது. "ஏன் குறுக்கே போகுது?" என்று கேட்டால் முழிப்பார்கள். இதயத்திலிருந்து வெளியேறும் குழாயின் நடுச்சுவர் சுருளாக இறங்குகிறது, அதனால் இரண்டு நாளங்களும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு போகின்றன, சுருளாமல் நேராக இறங்கினால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இணையாக ஓடும், அதுதான் ட்ரான்ஸ்பொசிஷன் (நாளங்கள் இடம் மாறிய பிறவிக் குறை). அந்தக் குழந்தைக்கு நான்கு அறை வியூ பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும். நான்கு அறையோடு நிறுத்திக்கொள்கிற ஸ்கேனில் இது தப்பிப் போவது அதனால்தான். உங்கள் ஹெட்செட்டில் ஒரே ஒரு விஷயத்தைக் காட்ட நேரம் இருந்தால் இதைக் காட்டுங்கள்: அந்தச் சுவரை மாணவனே கையால் முறுக்கட்டும், முறுக்காமல் விட்டால் என்ன ஆகிறது என்றும் பார்க்கட்டும்.

இன்னொரு தொல்லை, வாரக் கணக்கு. உங்கள் பாடத்தில் கருத்தரித்த நாளிலிருந்து எண்ணுகிறீர்கள், நாங்கள் கடைசி மாதவிடாயிலிருந்து. இரண்டு வாரம் வித்தியாசம். குடல் தொப்புள்கொடிக்குள் போவது ஆறாவது வாரம், திரும்புவது பத்து என்று நீங்கள் நடத்துவது எங்கள் கணக்கில் எட்டும் பன்னிரண்டும். இது தெரியாமல் ஒன்பது பத்து வார ஸ்கேனில் கொடிக்குள் குடலைப் பார்த்து ஆம்ஃபலோசீல் (குடல் கொடிக்குள்ளேயே தங்கிவிடும் பிறவிக் குறை) என்று பயமுறுத்தி அனுப்பப்பட்ட பெண்கள் என்னிடம் அழுதுகொண்டு வந்திருக்கிறார்கள். பன்னிரண்டாவது வாரம் முடிந்ததும் மறுபடி பார்த்தால் குடல் உள்ளே இருக்கும். விஆர் மெனுவில் இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் போடச் சொல்லுங்கள், அதற்கு ஒரு பைசா செலவு இல்லை.

நிஜ ஸ்கேன் வால்யூம் (முப்பரிமாண ஸ்கேன் தரவு) வேண்டுமா என்று நீங்கள் கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன்: தரலாம், ஆனால் உங்கள் எத்திக்ஸ் கமிட்டி அனுமதியும் அம்மாவின் ஒப்புதலும் இருந்தால் மட்டும். பெயர், தேதி எல்லாம் நீக்குவேன், கருவின் பாலினத்தைச் சொல்லத் தடை விதிக்கும் பிசிபிஎன்டிடி சட்டம் இருக்கிற நாட்டில் தொடைக்கு நடுவே உள்ள பகுதியையும் வெட்டிவிட்டுத்தான் தருவேன், கற்பித்தலுக்குத்தான் என்றாலும். மற்றபடி உங்களுக்கு வேண்டியது முதல் எட்டு வாரம், என் வால்யூம் அதற்குப் பெரிதாக உதவாது.

---

அல்சூர்_அனாடமி

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஹெச்ஓடியிடம் பேசினேன். "முழுக்க" என்பதை விடச் சம்மதித்துவிட்டார், ஆனால் டீன் பார்க்க வரும்போது ஹெட்செட் யார் தலையிலாவது இருக்க வேண்டுமாம்.

மூன்றே தலைப்புக்கு வைக்கப் போகிறேன்: நான்காவது வாரத்து மடிப்பு, ஏட்ரியல் செப்டம், வெளியேறும் குழாயின் சுருள் சுவர். குடல் சுழற்சி ஸ்டெதாஸ்கோப்புக்கே போகட்டும் ஃபார்மலின் சார், அதில் உங்களை மிஞ்ச முடியாது. லெக்சர் மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று என்எம்சி (தேசிய மருத்துவ ஆணையம்) சொல்லியிருப்பதால் சிறு குழு வகுப்பு எப்படியும் வைத்தாக வேண்டும், 150 பேரை டிசெக்ஷனுக்குப் பிரிக்கிற அதே குழுக்களை இதற்கும் வைத்துக்கொள்கிறேன். ஹெட்செட் ஒன்றுக்கு மூன்று பேர். ஒருவர் மாட்டிக்கொண்டு வெட்டும் தளத்தைப் பிடிப்பார், இரண்டாமவர் ஆம்ஸ்டர்டாம் பிடிஎஃப்பில் அதே வெட்டைத் தேடுவார், மூன்றாமவர் மாட்டிக்கொண்டவர் வாயால் சொல்வதை மட்டும் கேட்டு மூன்று வண்ணப் பென்சிலால் வரைவார். படம் தப்பாக வந்தால் தப்பு சொன்னவரிடமா வரைந்தவரிடமா என்று அவர்களே சண்டை போட்டுக்கொள்ளட்டும். சுற்று மாறும். மற்ற குழுக்கள் அந்த நேரத்தில் டிசெக்ஷன் ஹாலில் கேடவரிலும் (இறந்த உடலிலும்) பொம்மைகளிலும்.

சோதிப்பதற்கு ஃபீட்பேக் ஃபாரம் இல்லை. பார்க்காத ஒரு வெட்டைக் கொடுத்து இது எந்த மட்டத்தில் வெட்டியது, எது எது என்று கேட்கப் போகிறேன், அன்றைக்கே ஒரு முறை, கொஞ்ச நாள் விட்டு மறுபடி ஒரு முறை. ஹெட்செட் கிடைக்காமல் பலகையும் பிடிஎஃப்பும் மட்டும் பார்த்த குழு ஒன்றையும் முதல் சுற்றில் வைத்துக்கொள்வேன், அவர்களுக்கு அடுத்த வாரம் ஹெட்செட் கொடுத்துவிட்டால் யாரும் புகார் சொல்ல மாட்டார்கள்.

கம்பெனிக்காரரிடம் பலகோணம் சொன்ன கேள்வியைக் கேட்டேன், குழாய் இரண்டாகிற தருணத்தை நிறுத்திக் காட்டுங்கள் என்று. கேமரா வேறு பக்கம் திரும்பியது. அதற்குப் பிறகு அவரே வெட்டும் தளமும், வாரக் கணக்கு இரண்டும், நிஜ அளவில் ஒரு புள்ளியும் சேர்த்துத் தருவதாக ஒப்புக்கொண்டார், எழுத்தில் வாங்கிக்கொண்டேன்.

மிச்சம் ஒரு சில்லறைச் சந்தேகம். தலைக்கு எண்ணெய் வைத்து, பூ வைத்து, சன்ஸ்க்ரீன் போட்டு வருகிற பிள்ளைகள். முதல் ட்ரையலிலேயே முகத்தில் படுகிற ஸ்பாஞ்ச் பிசுபிசுவென்று ஆகிவிட்டது, அடுத்தவர் மாட்டமாட்டேன் என்கிறார். ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா?

---

பலகோணம்

ஸ்பாஞ்ச்சில் ஸ்பிரிட் வேண்டாம், உறிஞ்சிக்கொண்டு நாறும். சிலிக்கான் கவர் ஆன்லைனில் கிடைக்கிறது, ஆறுக்கும் வாங்கி மாட்டிவிடுங்கள், ஒவ்வொருவருக்கும் நடுவில் அதை ஆல்கஹால் வைப்பால் துடைக்கலாம். லென்ஸில் மட்டும் ஆல்கஹால் படவே கூடாது, மேல்பூச்சு போய்விடும், மூக்குக்கண்ணாடி துடைக்கிற உலர்ந்த துணி போதும். எண்ணெய்த் தலைக்கு உங்கள் டிசெக்ஷன் ஹாலிலேயே டிஸ்போசபிள் கேப் இருக்குமே, அதை மாட்டிவிட்டு மேலே ஸ்ட்ராப் போடுங்கள். பூவை எடுத்து வைக்கச் சொல்லுங்கள், பின் ஸ்ட்ராப்புக்குக் கீழே நசுங்கி ஹெட்செட் வழுக்கி இறங்கும், படம் மங்கும், அப்புறம் சாஃப்ட்வேர் சரியில்லை என்று எங்களுக்கு டிக்கெட் வரும்.

---

பெஞ்ச்_4

மேடம், அந்த இரண்டாவது டெஸ்ட் ரிசல்ட்டை இங்கே போடுங்கள். ஃபார்மலின் சாரோடு ஒரு ஃபில்டர் காபி பந்தயம் கட்டலாம் என்று இருக்கிறேன்.

---

ஃபார்மலின்

பந்தயம் சரி. பலகை ஜெயித்தால் காபியோடு மசால் தோசையும் சேர்த்து.